ஃபக்ருதீன் பாயின் காப்புக்காட்டுச் சவாரி

திருத்தணி ரயிலடியிலிருந்து மலைக்குப் போகிற தெருவில், யுத்த காலத்தில், சைக்கிள் கடை என்றால் ஃபக்ருதீன் பாயின் கடை ஒன்றுதான். முன்பு நாலு சைக்கிள்களை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த மனிதர். டயரும் ட்யூபும் எங்கே தேடியும் கிடைக்காமல் போனதும், மூன்றைப் பிரித்து ஒன்றை ஓட வைத்துக்கொண்டிருந்தார். அந்த ஒன்றின் பின் டயருக்குள்ளும் காற்று கிடையாது. பள்ளிப்பட்டுத் தறிக்காரர்கள் குப்பையில் போடுகிற கழிவு நூலை முறுக்கித் திணித்து, வெடித்த வாயைச் செருப்பு தைக்கும் ஊசியால் தைத்திருந்தார். அதில் ஏறி உட்கார்ந்தால் கட்டை வண்டியில் போகிற மாதிரி எலும்பெல்லாம் குலுங்கும். ஆனாலும் அந்த வண்டியில்தான் அவர் வாரம் தவறாமல் ஆர்.கே.பேட்டைக்கும், அதைத் தாண்டி மலையோர ஊர்களுக்கும் போய், அங்கங்கே முடங்கிக் கிடந்த சைக்கிள்களுக்கு உயிர் கொடுத்துவிட்டு வருவார். எந்தச் சரிவில் சரளைக்கல் வழுக்கும், எந்த ஓடையில் மணல் சக்கரத்தை விழுங்கும் என்பதெல்லாம் அவர் கால்களுக்கே தெரியும்.

அவருக்கும் ஷரீபுன்னிசாவுக்கும் குழந்தை இல்லை. அரக்கோணத்தில் தகர வேலை செய்த தகப்பனார் கண்ணை மூடியபோது இடுப்பில் ஏறுகிற வயதில் இருந்த தம்பி உசேனைத்தான் இருவரும் பிள்ளையாக வளர்த்தார்கள். அந்தப் பிள்ளை வளர்ந்து, சிநேகிதன் தேசப்பனோடு ரங்கூனுக்குப் போனான். போனவர்களில் ஒருவன்தான் திரும்பி வந்தான்.

ஜப்பான்காரன் குண்டு போட்ட பிறகு, பர்மாவிலிருந்து காட்டு வழியே நடந்து வந்த ஆயிரமாயிரம் பேரில் அவர்களும் இருந்தார்கள். வழியில் வாந்தி பேதி. ஒரு நாள் இரவுக் கூட்டத்தில் இருவரும் பிரிந்துபோனார்கள். மறுநாள் பாதையோரச் சேற்றில் ஒரு பிணம் முகம் புதைந்து கிடந்தது. வலது கையில், தேசப்பனுக்கு இருந்ததுபோலவே, வேலும் மயிலும் பச்சை குத்தியிருந்தது. உசேன் அந்தக் கையைத் தன் மடியில் வைத்து அழுதான். இலை தழைகளைப் போட்டு மூடிவிட்டு நடந்தான். கல்கத்தாவில் மாசக்கணக்காகக் காய்ச்சலில் கிடந்து, புரட்டாசி முடிவில் ஊர் வந்து சேர்ந்ததும், நேரே தேசப்பன் வீட்டுக்குப் போய் அந்தச் சேதியைச் சொன்னான்.

ஆடிக் கிருத்திகைக்கு மலையடிவாரத்தில் பச்சை குத்துகிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். கடல் தாண்டிப் போகிற இந்தப் பக்கத்து ஆள் எவனும் அவர்களிடம் கையை நீட்டாமல் போகமாட்டான். "எங்கயாவது செத்து விழுந்தா திருத்தணிக்காரன்னு நாலு பேருக்குத் தெரியட்டும்" என்று சொல்லித்தான் குத்திக்கொள்வார்கள். பள்ளிப்பட்டுப் பக்கத்தில் பாதி ஆண்களின் கையில் அதே வேல், அதே மயில்! துக்கம் வந்து கண்ணை மறைத்தபோது அந்த நினைப்பு ஒருவருக்கும் வரவில்லை. சாவுக் காரியங்களை முன்நின்று நடத்திய பங்காளிப் பெரியவர் பரசுராமனின் கையிலேயே அது இருந்தது. அந்தக் கையாலேயே வைக்கோலில் பொம்மை செய்து, தேசப்பன் என்று பெயர் சொல்லிக் கொள்ளி வைத்தார்.

இன்று பதினாறாம் நாள்.

காலையில்தான் தேசப்பனின் மைத்துனன் ராஜவேலு திருத்தணிக்கு வந்து பூவும் தேங்காயும் வாங்கிக்கொண்டு, கடை வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனான்.

"பாய், உசேனை இட்டுகினு வாங்க. கடைசியா பார்த்தவன் அவன்தானே. பொழுது சாயறப்போ ஆத்தங்கரையில தங்கச்சி மணியம்மை கழுத்துத் தாலியை வாங்கறாங்க."

"உசேன் அரக்கோணத்துல வேலைக்குப் போயிட்டான்பா. எனக்கும் அதைப் பார்க்கத் தைரியம் இல்ல."

"எனக்கு மட்டும் இருக்குதா?" என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு கரிப் புகையில் ஓடுகிற பஸ்ஸில் ஏறிப் போய்விட்டான் ராஜவேலு.

உச்சி சாய்ந்தது. பட்டாளத்து வண்டிகளுக்கு வழிவிட்டு வழிவிட்டு ஊர்ந்து வந்த பாசஞ்சர் ரயில் ஒன்று நின்று போனது. கொஞ்ச நேரம் கழித்துக் கடை வாசலில் ஒரு நிழல் விழுந்தது. தாடியும் மீசையும் முகத்தை மூடியிருக்க, குச்சியை ஊன்றிக்கொண்டு, எலும்புக்கூடு ஒன்று நின்றது. கால்கள் மட்டும் வீங்கி, தூண் மாதிரி இருந்தன.

"பாய், பள்ளிப்பட்டு பஸ் போயிடுச்சா?"

கையிலிருந்த ஸ்பானர் நழுவி விழுந்தது. அந்தக் குரல்! ஃபக்ருதீன் எழுந்தார்.

"யா அல்லாஹ்! தேசப்பா?"

"ஆங், நான்தான். அப்படி இன்னா பார்க்கறீங்க? அஸ்ஸாம் ஆஸ்பத்திரியில போட்டு வெச்சிருந்தாங்க. நெனப்பே இல்ல எனக்கு. உசேன் வந்தானா பாய்? உசுரோட இருக்கானா?"

செத்தவன் வந்து உயிரோடிருப்பவனை விசாரிக்கிறானே! ஃபக்ருதீன் அவனை உட்கார வைத்தார். உள்ளேயிருந்து ஷரீபுன்னிசா கஞ்சி கொண்டுவந்தாள். அவனைப் பார்த்ததும் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். சொல்லாமல் இருக்க முடியாது. கடைசியில் ஃபக்ருதீன் தரையைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

தேசப்பன் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

"மணியம்மைக்கா? இன்னைக்கா?" குச்சியை ஊன்றி எழப் பார்த்தான். வீங்கிய கால் மடங்கி, அப்படியே தரையில் விழுந்தான். விழுந்தவன் கையை ஊன்றி வாசலை நோக்கி நகர ஆரம்பித்தான். அதைப் பார்த்து ஷரீபுன்னிசா வாய்விட்டு அழுதாள்.

"ஏங்க, நீங்க மட்டும் வேகமா போங்க. இவரை நான் பார்த்துக்கறேன். உசுரோட இருக்காருன்னு சொல்லி நிறுத்துங்க, போதும்."

"யார் நம்புவாங்க ஷரீபு? செத்தான்னு சொன்னதும் நம்ம வீட்டு வாய். இல்லன்னு சொல்றதும் நம்ம வீட்டு வாய். பதினாறு நாள் அழ வெச்சிட்டு இப்போ வெளையாடறியான்னு கேட்டா நான் இன்னா பதில் சொல்வேன்? ஆளைக் கொண்டுபோய் நிறுத்தினாதான் ஆச்சு."

"ரெண்டு பேரைத் தாங்குமா அந்த டயரு?"

ஃபக்ருதீன் சைக்கிளை வெளியே எடுத்தார்.

ராஜவேலு ஏறிப் போனதற்குப் பிறகு அன்றைக்குப் பஸ் இல்லை. பெரிய ரோடு மலையைச் சுற்றிக்கொண்டு போகும். அதில் போனால் விளக்கு வைத்த பிறகுதான் ஊர். காப்புக்காட்டைக் குறுக்கே அறுத்துக்கொண்டு ஒரு சரளைப் பாதை உண்டு. விறகு வண்டிகள் போகிற பாதை. ஏறி, இறங்கி, மறுபடி ஏறி, கொசஸ்தலை ஆற்றுத் துறையில் கொண்டுபோய் விடும். துறைக்கு அக்கரையில்தான் தேசப்பனின் ஊர். ஐப்பசி மழையில் அந்தப் பாதை எப்படியிருக்கும் என்று ஃபக்ருதீனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அதில் திருப்பினார்.

பின்னால் கேரியரில் சாக்கை மடித்துப் போட்டு, தேசப்பனை உட்கார வைத்து, அவன் சாய்ந்து விழாமலிருக்கத் தன் தலைப்பாகையை அவிழ்த்து இருவர் இடுப்பையும் சேர்த்துக் கட்டியிருந்தார். நந்தியாற்றைத் தாண்டும் வரையில் வண்டி எப்படியோ ஓடியது. அதற்கப்புறம் செம்மண்ணும் சரளையுமாக மேடு ஏறியது பாதை. இரண்டு பக்கமும் துரிஞ்சியும் கள்ளிப் புதரும் நெருங்கி நின்றன. முன் சக்கரம் கல்லில் ஏறும்போதெல்லாம் கைப்பிடி உதறிக்கொண்டு ஒரு பக்கம் திரும்பியது. மிதிக்க மிதிக்கச் சங்கிலி முனகியது. ஒரு கட்டத்தில் மிதி நின்றே போயிற்று. இடுப்புக் கட்டை அவிழ்த்து, தேசப்பனைக் கேரியரிலேயே இருக்கச் சொல்லி, சைக்கிளோடு சேர்த்து அவனை மேட்டில் தள்ளிக்கொண்டு ஏறினார். மூச்சு இரைத்தது. வியர்வை கண்ணில் வழிந்து எரிந்தது.

"பாய், உசேன் மேல கோவமா?" என்று மேலேயிருந்து கேட்டான் தேசப்பன்.

"பேசாத. மூச்சை வெச்சிக்கோ."

"அவன் இன்னா பண்ணுவான் பாவம்! நானே கூட ஒரு கையைப் பார்த்து இவன் நம்ம ஊர் எல்லப்பனோன்னு அழுதேன். அவன் இல்ல அது."

"பேசாதன்னு சொன்னேன்ல?"

கோபமா? அவர் மனசுக்குள் எரிந்தது கோபம் மட்டுமல்ல. ஒருத்தியின் கழுத்து இன்று சாயந்திரம் மூளியானால், அதற்குக் காரணம் தான் தோளில் தூக்கி வளர்த்த பிள்ளையின் வாய். அந்தப் பெண் இனி வாழப்போகிற ஒவ்வொரு நாளும் அந்தச் சொல்லுக்குக் கணக்கு கேட்குமே! கழுத்திலிருந்து இறக்கிய தாலியை ஆற்றில் விட்டுவிட்டால், புருஷன் நேரில் வந்து நின்றாலும் அவளை அமங்கலி என்றுதானே ஊர் சொல்லும்? ஆற்றில் போனது திரும்புமா?

மேடு முடிந்தது. அடுத்தது இறக்கம். செங்குத்தான இறக்கம்! பிரேக் கட்டை எப்போதோ தேய்ந்துபோய் வெறும் இரும்புதான் இருந்தது. ஃபக்ருதீன் ஓரத்திலிருந்து இலையோடு ஒரு பெரிய கிளையை முறித்து, கேரியரில் கயிற்றால் கட்டிப் பின்னால் இழுபட விட்டார். விறகு வண்டிக்காரர்கள் பாரத்தோடு இறங்கும்போது செய்கிற காரியம் அது. தேசப்பனை மறுபடி தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டார்.

"கெட்டியா புடிச்சிக்கோ."

கிளை சரளையை வாரிக்கொண்டு பின்னால் சடசடவென்று வந்தது. முதலில் வண்டி அடங்கித்தான் போயிற்று. பாதி இறக்கத்தில் கயிறு அறுந்தது. அவ்வளவுதான், சைக்கிள் அவிழ்த்துவிட்ட கன்று மாதிரி பாய்ந்தது. மரங்கள் கண்முன்னே கோடாக ஓடின. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம். ஃபக்ருதீன் வலது காலைத் தரையில் ஊன்றித் தேய்த்தார். செருப்பு பிய்ந்து பறந்தது. வெறுங்காலை ஊன்றினார். சரளை உள்ளங்காலைக் கிழித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, பாதையோரம் மழை அடித்துக் குவித்திருந்த மணல் மேட்டில் முன் சக்கரத்தைத் திருப்பினார். வண்டி குத்தி நின்றது. இருவரும் ஒரே கயிற்றில் கட்டிய இரண்டு மூட்டைகள்போல மணலில் உருண்டார்கள்.



"பாய்," என்றான் தேசப்பன் மணலைத் துப்பிக்கொண்டே, "ஜப்பான்காரன் குண்டே தேவல பாய்."

ஃபக்ருதீனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு அழுகையும் வந்தது. பின் டயர் தையல் விட்டு, நூல் குடல் மாதிரி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அதை உள்ளே திணித்து, தலைப்பாகைத் துணியிலிருந்து கிழித்த பட்டையால் டயரோடு சுற்றிக் கட்டினார்; மீதித் துணியால் தேசப்பனை மறுபடி தன் இடுப்போடு கட்டிக்கொண்டார். சூரியன் மேற்கு மலையின் தோளில் சாய ஆரம்பித்திருந்தது.

ஓடையருகே ஒரு கிழவி விறகுக் கட்டோடு எதிரே வந்தாள். அக்கரை ஊர்த் தாயாரம்மாள்.

"ஏ தாயாரம்மா! கரையில காரியம் ஆரம்பிச்சிட்டாங்களா?" என்று கூவினார் ஃபக்ருதீன்.

கிழவி நிமிர்ந்தாள். அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த தாடி முகத்தைக் கண்டாள். விறகுக் கட்டு தலையிலிருந்து சரிந்தது. "ஐயோ, தேசப்பன்! முருகா! முருகா!" என்று அலறிக்கொண்டு, முள்ளும் கல்லும் பாராமல் புதருக்குள் புகுந்து ஓடிவிட்டாள்.

"இன்னா பாய் இது?" தேசப்பன் திகைத்தான். "என் கல்யாணத்துல எனக்கு ஆலம் சுத்தினவ அவ."

ஃபக்ருதீனுக்குப் புரிந்தது. ஆளைக் கொண்டுபோய் நிறுத்தினால் போதும் என்றுதானே இத்தனை தூரம் வந்தார்? நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை அந்தக் கிழவி காட்டிவிட்டுப் போய்விட்டாள். ஊர் பதினாறு நாளாகச் செத்துப்போனவனாக நினைத்து அழுத முகம் இது. அவர் வேகமாக மிதித்தார். பின் சக்கரம் டமடமவென்று அடித்துக்கொண்டது. உள்ளங்காலிலிருந்து ரத்தம் பெடலில் பிசுபிசுத்தது.

காடு முடிந்ததும் ஆற்றின் இரைச்சல் கேட்டது. மேலே எங்கோ மலையில் பெய்த மழை, செந்நிறமாகக் கரை புரண்டு வந்துகொண்டிருந்தது. அக்கரையில் மாமரத்தடியில் கூட்டம். நடுவில் மனைப்பலகை. பலகையின் மேல், தலை நிறையப் பூவும் நெற்றி நிறையக் குங்குமமும் கை நிறைய வளையலுமாக, கல்யாணப் பெண்ணைப் போல அலங்கரித்து மணியம்மையை உட்கார வைத்திருந்தார்கள். கடைசியாக ஒரு தடவை எல்லாவற்றையும் சூட்டி, பிறகு ஒவ்வொன்றாகப் பறிப்பதற்காக! அவளுக்கு எதிரே தலைவாழை இலையில் படையல். பக்கத்தில் பால் ஊற்றிய சொம்பு. தாலியைக் கழற்றி அதில்தான் போடுவார்கள். சூரியனின் கீழ் விளிம்பு மலையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"நிறுத்துங்க! தேசப்பன் வந்துட்டான்! உசுரோட வந்துட்டான்!"

ஃபக்ருதீன் தொண்டை கிழியக் கத்தினார். ஆறு அதை அப்படியே விழுங்கியது. சைக்கிள் மணியை விடாமல் அடித்தார். யாரோ ஒரு பெண் திரும்பினாள். அவள் கை நீண்டது. கூட்டம் முழுவதும் திரும்பியது. கட்டை அவிழ்த்து இறங்கிய தேசப்பன், தாடியும் எலும்புமாக, செவ்வெயிலில் கரையில் நின்று இரண்டு கையையும் தூக்கினான்.

கூட்டம் பின்வாங்கியது. பெண்கள் அலறுவது அந்த இரைச்சலிலும் காதில் விழுந்தது. பெரியவர் பரசுராமன் பதறிப்போய்க் கையை வீசி எதையோ உத்தரவிட்டார். நாலு பெண்கள் மணியம்மையைச் சூழ்ந்தார்கள். அங்கே அவர் சொன்னது என்ன என்று ஃபக்ருதீனுக்குப் பிறகுதான் தெரியும்: "வந்துட்டான், பாருங்க! ஆசை அடங்காம வந்து நிக்கறான். சீக்கிரம் வாங்குங்கம்மா. தாலி கழுத்துல இருந்தா அவளையும் இட்டுகினு போயிடுவான்!"

தெரியாவிட்டாலும் என்ன? கண் முன்னால் நடப்பது போதாதா? தடுக்க வந்தவனைப் பார்த்துத்தான் அவசரப்படுகிறார்கள்! தான் கொண்டுவந்த உயிரே எமனாகிவிட்டதே!

"ஏறு," என்றார் ஃபக்ருதீன்.

"பாய், வெள்ளம்..."

"ஏறுடா!"

தேசப்பனைக் கேரியரில் ஏற்றி, சைக்கிளின் குறுக்குக் கம்பியைத் தோளோடு அணைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். அந்த இரும்பின் கனந்தான் வெள்ளம் இழுத்துப் போகாமல் அவர்களை நிறுத்தியது. முழங்கால், இடுப்பு, மார்பு. துறையின் அடியில் கிடந்த கற்கள் உருண்டன. கிழிந்த உள்ளங்கால் எரிந்தது. பாதி ஆற்றில் ஒரு மரக்கிளை மிதந்து வந்து சக்கரக் கம்பிகளில் சிக்கியது. தண்ணீர் சைக்கிளைப் பிடித்து இழுத்தது. சைக்கிள் அவரை இழுத்தது. ஒரு கையில் சைக்கிள், மறு கையில் தேசப்பனின் சட்டை.

மூன்று சைக்கிளைப் பிரித்துச் சேர்த்த ஒரே சைக்கிள். வீட்டில் அடுப்பு எரிவது அதனால். யுத்தம் முடிகிற வரையில் இன்னொன்று கிடைக்காது.

கையை விட்டார். செந்நீர் ஒரு சுழலில் அதை உள்ளே இழுத்துக்கொண்டது. மணி மட்டும் கல்லில் மோதி ஒரு தடவை கிணுங்கியது. அவர் தேசப்பனை இரண்டு கைகளாலும் அள்ளி, முதுகில் போட்டுக்கொண்டு நடந்தார். இல்லை, நடந்தாரா, நீந்தினாரா, ஆறுதான் தள்ளிவிட்டதா, அவருக்கே தெரியாது.

"மணியம்மா! விடாத! தாலியை விடாத!"

இந்த முறை அவள் காதில் அது விழுந்தது. பெண்களின் கைகளுக்கு நடுவே முகம் நிமிர்ந்தது. தண்ணீரிலிருந்து எழுந்து வருகிற இரண்டு தலைகளையும் பார்த்தாள். அடுத்த கணம் இடது கையால் தாலியை இறுகப் பற்றிக்கொண்டு, வலது கையால் ஒருத்தியைத் தள்ளிவிட்டுப் பலகையிலிருந்து எழுந்தாள்.

"தொடாதீங்க!"

"அம்மாடி, அது அவன் இல்ல. அவன் ஆவி. கிட்டப் போகாத!" என்று பரசுராமன் குறுக்கே வந்தார்.

"பேயா இருந்தாலும் அது என் பேய், மாமா!" மணியம்மையின் குரல் ஆற்றை மிஞ்சியது. "பேய்க்கே பொண்டாட்டியா இருந்துட்டுப் போறேன். உங்களுக்கு இன்னா? யாராவது கிட்ட வந்தீங்க, இதோ இந்தத் தண்ணியில குதிச்சிடுவேன்!"

அவளை நெருங்க ஒருவருக்கும் துணிவில்லை. கரையேறியவர்களை நெருங்கவும் ஒருவருக்கும் துணிவில்லை. தேசப்பன் தவழ்ந்து வந்தான். பரசுராமன் விபூதியை அள்ளி அவன் மேல் வீசினார். அவன் தும்மினான். எதிரே இலையில் சோறும் குழம்பும் வடையும் கருவாடும், அவனுக்குப் பிடித்ததெல்லாம் பார்த்துப் பார்த்துச் சமைத்தது, ஆவி பறக்க இருந்தது.

"மணி," என்றான். "பசிக்குதுடி."

சொல்லிவிட்டு, தனக்காகப் போட்ட சாவுப் படையலின் முன்னால் உட்கார்ந்து, கையை விட்டுப் பிசைந்து, ஒரு கவளத்தை வாயில் போட்டான்.

இலையில் ஒரு பக்கம் குழி விழுந்தது. ஆவி வந்தால் வாசனையைத்தான் எடுத்துக்கொண்டு போகும். இலையில் இட்டது குறையாது. இங்கே சோறு குறைந்தது. வடை குறைந்தது. கருவாட்டின் முள்ளை அவன் பொறுமையாக எடுத்து இலையோரத்தில் வைத்தான். அந்த முள்ளைப் பார்த்ததும் ஒரு பெண் "ஓ"வென்று அழுதாள். மணியம்மை கீழே உட்கார்ந்து, வலது கையால் சோற்றை அள்ளி இலையில் போட்டாள். அழவில்லை. "மெதுவா துன்னு," என்றாள்.

ராஜவேலுதான் முதலில் அசைந்தான். நேரே வந்து ஃபக்ருதீனின் ஈரச் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான்.

"உன் தம்பி சொல்லிட்டுப் போனானேடா! என் தங்கச்சி பதினாறு நாளா பச்சைத் தண்ணிகூடக் குடிக்காம... இன்னா சொல்லப் போற நீ?"

ஃபக்ருதீன் கையை விலக்கவில்லை. "அடி ராஜவேலு," என்றார். "அடிக்கத்தான் வேணும்."

"அவரை விடு பாவா," என்றான் தேசப்பன் வாய் நிறையச் சோற்றோடு. "என்னை முதுகுல தூக்கியாந்தவரு. உசேனுக்கு அடி வேணும்னா நான் குடுப்பேன். அவன் அழுத அழுகையை நீ பார்த்தியா? எவனோ ஒருத்தனுக்கு என் பங்கு அழுகையையும் அழுதுட்டு வந்திருக்கான்."

ராஜவேலுவின் பிடி தளர்ந்தது. தளர்ந்த கை அப்படியே ஃபக்ருதீனின் தோளில் விழுந்தது. அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அந்த முரட்டு மனிதன் குழந்தை மாதிரி அழுதான்.

பெரியவர் பரசுராமன் மெதுவாக வந்து, விரலால் தேசப்பனின் தோளைக் குத்திப் பார்த்தார். சூடாக இருந்தது. அவன் வலது கையில் வேலும் மயிலும் இருந்தன. தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். வெகு நேரம் பார்த்தார். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் கொள்ளி வெச்சவனை வீட்டுக்குள்ள எப்படிடா சேர்க்கறது? அதுக்கு இன்னா முறைன்னு எனக்குத் தெரியாதே," என்றார் தமக்குத் தாமே. கொஞ்சம் பொறுத்து, "அதெல்லாம் நாளைக்குப் பார்த்துக்கலாம். எனக்கும் ஒரு இலை போடுங்க. காத்தாலேர்ந்து பட்டினி," என்றார்.

யாரோ சிரித்தார்கள். அதோடு கரை முழுவதும் உடைந்துபோனது. அழுகையும் சிரிப்புமாக இலைகள் விரிந்தன. மணியம்மை ஓர் இலையை எடுத்துவந்து ஃபக்ருதீனின் முன்னால் போட்டாள்.

"உட்காருங்கண்ணா."

"வேணாம்மா. எனக்கு எறங்காது."

"எறங்கும். உட்காருங்க."

அவர் உட்கார்ந்தார். அவள் ஒரு கையாலேயே தண்ணீர் தெளித்தாள், ஒரு கையாலேயே சோறு போட்டாள். இடது கை கழுத்தடியில் இறுக மூடியபடியே இருந்தது. ஃபக்ருதீன் அதைப் பார்த்தார். "இனிமே பயமில்லம்மா, விடு," என்றார். அவள் விரலைத் திறக்கப் பார்த்தாள். முடியவில்லை, அவ்வளவு நேரம் பிடித்த பிடியில் விரல்கள் மரத்துக் கட்டைபோல் ஆகியிருந்தன.

தேசப்பன் எச்சில் கையைத் துடைத்துக்கொண்டு நகர்ந்து வந்தான். அவள் கையைத் தன் மடியில் வைத்து, சுண்டு விரலிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தான். உள்ளங்கையில் தாலியின் அச்சு ரத்தம் கட்டிப் பதிந்திருந்தது. அப்போதுதான் மணியம்மைக்கு அழுகை வந்தது.

ஃபக்ருதீன் குனிந்து, இலையிலிருந்த சோற்றைப் பிசைய ஆரம்பித்தார்.